பாதங்களுக்கு ஒரு ஆம்ப்ளிபயர்

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்பது.

சீடரின் பெயர் நாகநாதன். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். மின்சாரம் எந்த வழியாகப் போகும், எங்கே தயங்கும், எங்கே கசியும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வு பெற்ற வருடம், உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரியும் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயரை வாங்கி வந்தார். புத்தகங்களில் சொன்னபடியெல்லாம் அதைச் சரிசெய்தார். பெட்டி பாடியது. ஆனால் பாட்டுக்கு நடுவே ஒரு கரகரப்பு வந்தது. நான்கு மாதம் தேடியும் அது எங்கிருந்து வருகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

யாரோ செசிலியைப் பற்றிச் சொன்னார்கள்.

செசிலி திருச்சி பாலக்கரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் வேலை செய்தார். பெயர்ப்பலகை கிடையாது. வால்வு ஆம்ப்ளிபயர் வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். நாகநாதன் கொண்டுபோன பெட்டியை அவர் திறக்கவே இல்லை. ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, ஒரு வால்வை மட்டும் மெல்ல உருவினார். அது உட்காரும் குழியில் அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்னத் தகடு தளர்ந்திருந்தது. ஊசியால் அதை நெருக்கிவிட்டார். கரகரப்பு போய்விட்டது.

நாகநாதன் அன்றே கேட்டார், தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று.

தன்னைவிட இருபத்து மூன்று வயது மூத்தவரைச் சேர்த்துக்கொள்ள செசிலி தயங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும், கழற்றும் முன் அது செய்த தப்பு என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அது சுலபம் என்று நாகநாதன் நினைத்தார். முதல் பெட்டியிலேயே திணறிவிட்டார். அதில் மின்சாரத்தைத் தேக்கி விடும் கண்டன்சர்கள் பதினான்கு இருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். செசிலி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்டார். மூன்றின் மீதுதான் அவரால் குற்றம் சாட்ட முடிந்தது. மூன்றை மட்டும் மாற்றச் சொன்னார். பெட்டி நன்றாக ஓடியது. மற்ற பதினொன்றும் பழசாயிற்றே என்று நாகநாதன் விடாமல் கேட்டார். செசிலி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

நாகநாதன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பழசு என்று எதையும் அவர் குறை சொல்லவில்லை. செசிலியின் முன்னால் மட்டும்.

ஒன்றரை வருடம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காது கேளாத பெண்கள் படிக்கும் பள்ளி அது. அங்கே ஒரு நடனக் கூடம் இருந்தது. கூடத்தில் ஆடுவதற்கு மரப்பலகை மேடை. மேடைக்கு அடியில் நான்கு பெரிய ஸ்பீக்கர்களை மேல்நோக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். அவற்றை ஓட்டுவது ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயர். மேளம் ஒலித்தால் பலகை அதிரும். பெண்கள் அந்த அதிர்வைப் பாதத்தில் வாங்கி ஆடுவார்கள். இப்போது பெட்டியில் ஏதோ கோளாறு, உடனே வர வேண்டும் என்று கடிதம் சொன்னது.

உறவினர் கல்யாணத்துக்காக செசிலி மதுரை போக வேண்டியிருந்தது. கடிதத்தை நாகநாதனிடம் கொடுத்து, நீங்கள் போங்கள் என்றார். அவர் தனியாகப் போகும் முதல் வேலை அது.

சனிக்கிழமை காலை அவரைக் கூடத்துக்குக் கூட்டிப்போனவர் பொற்கொடி, நடன ஆசிரியை. முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேளாதவர். இதே பள்ளியில் படித்து இங்கேயே ஆசிரியை ஆனவர். கையில் எப்போதும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். கேட்க வேண்டியதை எழுதிக் காட்டுவார்.

அவர் எழுதியதை வைத்து நாகநாதன் விவரத்தைப் புரிந்துகொண்டார். டெல்லியில் பெரிய நடன விழா ஒன்று நடக்கிறது. அதற்கு இந்தப் பள்ளி இரண்டு முறை விண்ணப்பித்தும், இரண்டு முறையும் ஆட்டத்தைப் பார்க்காமலே மறுத்துவிட்டார்கள். பொற்கொடி விடவில்லை. பதினோரு கடிதம் எழுதினார். கடைசியில் தேர்வுக் குழு நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தது. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். பன்னிரண்டு பெண்கள் பதினான்கு மாதமாகப் பயிற்சி எடுக்கிறார்கள். உருமி மேளத்துக்கு ஆடும் ஆட்டம்.

பெட்டியின் கோளாறைப் பற்றி பொற்கொடி ஒரே வரியில் எழுதினார். "எப்போதும் கொஞ்சம் முனகும் தரை, இப்போது ஓயவே மாட்டேன் என்கிறது."

நாகநாதன் செருப்போடு மேடையில் ஏறிக் காது கொடுத்துக் கேட்டார். அடியிலிருந்து ஒரு முனகல் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஹம்மிங். மின்சாரத்தின் முனகல் ஸ்பீக்கர் வழியாகக் கசிகிறது. பெரிய அடிகள் மட்டும் அதைத் தாண்டி வந்தன, சின்ன அடிகள் அதில் மூழ்கிப் போயின. புதன்கிழமைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெட்டியை வாடகைக் காரில் ஏற்றித் திருச்சிக்கு வந்தார்.

மருந்துக்கடை மாடியில் அவர் மட்டுமே இருந்தார். பெட்டியைத் திறந்தார். மின்சாரத்தைச் சமன் செய்யும் பெரிய கண்டன்சர்கள் காய்ந்து வெடித்திருந்தன. முனகலுக்கு அவைதான் காரணம் என்று வாய்விட்டுச் சொன்னார். மாற்றினார். அதுவரை சரி.

பிறகு கை நிற்கவில்லை. பக்கத்தில் இருந்ததையும் மாற்றினார், அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் மாற்றினார். குற்றம் கேட்க யாரும் இல்லை. கம்பிகளைப் புதிதாக இழுத்து நேர்கோட்டில் கட்டினார். துருப்பிடித்த பின்பக்கத் தகட்டை எடுத்துவிட்டுப் பளபளக்கும் எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்தினார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். ஆம்ப்ளிபயரின் கடைசியிலிருந்து ஒரு கம்பி முன்பகுதிக்குத் திரும்பி வரும். தான் போடும் சத்தத்தைத் தானே பார்த்து அடக்கிக்கொள்வதற்கான கம்பி அது. இந்தப் பெட்டியில் அந்தக் கம்பிக்கு நடுவே யாரோ ஒரு கண்டன்சரைச் செருகியிருந்தார்கள். அப்படிச் செய்தால் தாழ்ந்த, தடித்த சத்தங்கள் மட்டும் அடங்காமல் எழும்பி நிற்கும். பாட்டு கெட்டுப்போகும். வேலை தெரியாத யாரோ செய்தது என்று நாகநாதன் நினைத்தார். அதைக் கழற்றி, மற்றப் பழைய பாகங்களோடு ஒரு காகித உறையில் போட்டார்.

கருவிகளை வைத்து அளந்தார். மெல்லிய சத்தம் முதல் தடித்த சத்தம் வரை எல்லாம் ஒரே அளவில் வந்தன. திரையில் ஒரு கோடு, வளைவு நெளிவு இல்லாமல். தன் வாழ்க்கையில் இப்படி ஒரு கோட்டை அவர் பார்த்ததில்லை. ஒரு சிறிய ஸ்பீக்கரை மாட்டி வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

புதன்கிழமை பெட்டியைக் கூடத்தில் பொருத்தினார். தலைமை ஆசிரியை காது கேட்பவர். சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். பன்னிரண்டு பெண்களும் வெறுங்காலோடு மேடையில் ஏறி நின்றார்கள். பொற்கொடி உருமிப் பதிவைப் போட்டார்.

யாரும் அசையவில்லை.

முதல் வரிசையில் இருந்த பெண் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாள். அவள் பொற்கொடியைப் பார்த்தாள். ஒருத்தி மட்டும் குத்துமதிப்பாக ஆட ஆரம்பித்து, இன்னொருத்தி மேல் மோதி நின்றாள்.

பொற்கொடி மேடையில் ஏறினார். சற்று நேரம் நின்றார். இறங்கி வந்து நோட்டில் எழுதினார்.

"ஐயா, உருமி எங்கே?"

உருமி தெளிவாக வருகிறது, எனக்கு நன்றாகக் கேட்கிறது என்று நாகநாதன் எழுதினார்.

"உங்களுக்குக் கேட்கிறது" என்று அதற்குக் கீழே பொற்கொடி எழுதினார். கோபம் இல்லாத கையெழுத்து. அதுதான் நாகநாதனுக்கு வலித்தது.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். மேளத்தின் கூர்மையான சத்தம்தான் காதைத் துளைத்தது. பலகை பேசாமல் கிடந்தது. அன்று சாயங்காலம் மதுரையிலிருந்து திரும்பிய செசிலிக்குப் போன் செய்தார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை, அளந்து பார்த்துவிட்டேன், அவர்களுக்குத்தான் புரியவில்லை என்றார். செசிலி மறுத்துப் பேசவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் செசிலி வந்து இறங்கினார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எஃகுத் தகட்டில் அவர் முகம் தெரிந்தது. கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்டார். நாகநாதன் காகித உறையைக் கொடுத்தார். செசிலி அதை மேசையில் கொட்டி, கம்பிக்கு நடுவே இருந்த அந்தக் கண்டன்சரைத் தேடி எடுத்தார்.

"இது என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

"இருக்கக் கூடாத இடத்துல இருந்துச்சு, டீச்சர்."

"யாரு சொன்னா?"

"எல்லாப் புத்தகமும் சொல்லுது."

செசிலி தலைமை ஆசிரியையிடம் போய்ப் பஞ்சு வாங்கி வந்தார். நாகநாதனின் இரண்டு காதிலும் அதை அழுத்தி அடைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறச் சொல்லிக் கையால் காட்டினார். பிறகு உருமிப் பதிவை ஓடவிட்டார்.

நாகநாதன் நின்றார். பெண்கள் சுவரோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவு ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். எங்கோ தூரத்தில் ஈ பறப்பது போல ஒன்று. பாதத்துக்கு அடியில் மரம் இருந்தது. வெறும் மரம். ஒரு நிமிடம் நின்றார், இரண்டு நிமிடம் நின்றார். எப்போது முடியும் என்று தெரியவில்லை. எப்போது கையை எடுப்பது, எப்போது காலை வைப்பது என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

பதிவு நின்றது அவருக்குத் தெரியவில்லை. செசிலி வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

பஞ்சை எடுத்தார். இன்னும் ஒருநாள்தான் இருக்கிறது, நீங்களே சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்.

"எனக்கும் காது கேக்குது சார்" என்றார் செசிலி. "நான் என்ன பண்ண முடியும்? அவங்ககிட்ட கேளுங்க."

மூன்று மணி பஸ்ஸில் அவர் திருச்சிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே நாகநாதன் கூடத்தில் இருந்தார். பொற்கொடியின் நோட்டை வாங்கி எழுதினார். "தப்பு என்னுடையது. எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். உதவி செய்வீர்களா?"

பொற்கொடி அதை இரண்டு முறை படித்தார். செருப்பை உதறிவிட்டு மேடையின் நடுவில் போய் நின்றார்.

பழைய கண்டன்சரை அப்படியே திரும்ப வைக்க முடியாது. அது உள்ளே கெட்டிருந்தது, மேலே எழுதியிருந்த எண்ணும் அழிந்துவிட்டது. அதன் அளவு எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதனால் நாகநாதன் கையிலிருந்த புதிய கண்டன்சர்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக அந்தக் கம்பியின் நடுவே கவ்வி மாட்டினார். ஒவ்வொரு முறையும் பெட்டியை அணைத்து, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, மாட்டி, மறுபடி போட்டு, வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆனது.

கொண்டுவந்திருந்த அளவுக் கருவிகளை அவர் பையைவிட்டே எடுக்கவில்லை. பொற்கொடியின் கையை மட்டும் பார்த்தார். உள்ளங்கை மேலே பார்த்தால் இன்னும் வேண்டும். கீழே பார்த்தால் குறைக்க வேண்டும்.

முதல் ஐந்துக்கும் உள்ளங்கை மேலேயே பார்த்தது. ஆறாவதில் அவர் முகம் மாறியது. ஏழாவதில் கை கீழே திரும்பியது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்று நாகநாதனிடம் இல்லை. இரண்டை ஒன்றாக முறுக்கி அந்த அளவைச் செய்தார். மாட்டினார், போட்டார், காத்திருந்தார்.

பொற்கொடி கையைக் காட்டவில்லை. ஆடினார். நான்கு அடி எடுத்து வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, சரியாக மேளத்தின் அடி விழும்போது வந்து நின்றார்.

நாகநாதன் கைதட்டப் போனார். பொற்கொடி அதற்குள் நோட்டை எடுத்து எழுதினார். "உருமி வந்துவிட்டது. முனகலும் வந்துவிட்டது."

அது நியாயம்தான். தடித்த சத்தங்கள் எழும்பினால் மின்சாரத்தின் முனகலும் சேர்ந்து எழும்பும். ஆனால் முனகலுக்குக் காரணமான கண்டன்சர்களைத்தான் மாற்றியாயிற்றே. இது வேறு எங்கிருந்தோ வருகிறது. நாகநாதன் காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். முந்தைய முனகலைவிடத் தாழ்ந்த, மெலிந்த இது அவர் காதுக்கு எட்டவே இல்லை.

பதிவை நிறுத்தினார். பொற்கொடி குனிந்து உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டார். நாகநாதன் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஒவ்வொரு கம்பியாக மெல்ல நகர்த்தினார். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. நானூறு வோல்ட் ஓடும் இடம் அது.

ஒரு கம்பியை நகர்த்துவார், பொற்கொடியைப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டுவார், இல்லை. அடுத்தது. இல்லை. அப்படியே அரைமணி நேரம் போனது. பின்பக்கம் போனபோது குச்சி தவறி எஃகுத் தகட்டின் மேல் அழுந்தியது. பொற்கொடி சட்டென்று விரலை உயர்த்தினார்.

நாகநாதன் மறுபடி அழுத்தினார். மறுபடி விரல் உயர்ந்தது.

அவர் ஆசையாகப் பொருத்திய தகடு. ஒரு ஆம்ப்ளிபயரில் எர்த் ஓர் இடத்தில்தான் சேர வேண்டும். துருவேறிய பழைய தகட்டில் மின்சாரம் ஓடவில்லை; இப்போது சத்தம் உள்ளே வரும் செருகி அந்தப் புதுத் தகட்டில் பட்டு, தகடு பெட்டியில் பட்டு, இரண்டாவது இடத்திலும் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவே முனகல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

பெட்டியை அணைத்தார். நான்கு திருகுகளைக் கழற்றி எஃகுத் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பள்ளித் தச்சுக்கூடத்தில் ஒரு மரத்துண்டு கேட்டு வாங்கி, துளை போட்டு, தகடு இருந்த இடத்தில் பொருத்தினார். பார்க்க அசிங்கமாக இருந்தது. மறுபடி போட்டார்.

வால்வுகள் சூடேறின. பொற்கொடி உள்ளங்கையைப் பலகையில் வைத்திருந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு நோட்டில் எழுதினார்.

"பெட்டி ஏன் நின்றுவிட்டது?"

நிற்கவில்லை என்று நாகநாதன் தலையை ஆட்டினார். பெட்டியைக் கையால் காட்டினார். வால்வுகள் செக்கச்சிவந்து எரிந்துகொண்டிருந்தன.

பொற்கொடிக்கு நம்பிக்கை வரவில்லை. குப்புறப் படுத்துக் கன்னத்தைப் பலகையில் ஒட்டிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து இந்த மேடையில் நிற்கிறார். உருமி வரும் அளவுக்குப் பெட்டி ஓடும்போது அது சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை. கொஞ்சம் முனகுவதுதான் தரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நாகநாதன் பதிவைப் போட்டார்.

முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடி. படுத்திருந்த பொற்கொடி சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டிப் பதிவை நிறுத்தச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்று முறை அப்படி. பிறகு வேகவேகமாக எழுதினார்.

"இரண்டு அடிக்கு நடுவில் ஏதோ வருகிறது. அடி மாதிரி இல்லை. பலகைக்கு அடியில் யாரோ விரலால் இழுக்கிறார்கள். இது என்ன?"

நாகநாதன் பதிவை மறுபடி போட்டு உற்றுக் கேட்டார். பிறகு கையிலிருந்த மூங்கில் குச்சியை அவருடைய நோட்டின் அட்டை மேல் வைத்து, அழுத்தி, நீளமாகத் தேய்த்துக் காட்டினார். உருமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது அது உறுமும். அந்த உறுமலும் மின்சாரத்தின் முனகலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். இத்தனை வருடமாக ஒன்று இன்னொன்றுக்குள் ஒளிந்திருந்தது.

பொற்கொடி குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உருமிக்காரர்கள் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கைக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்று எழுதினார்.

எழுதிவிட்டு ஓடினார். பன்னிரண்டு பெண்களையும் வகுப்பிலிருந்து கூட்டி வந்தார். ஒவ்வொருத்தியாக மேடையில் குப்புறப் படுக்க வைத்தார். நாகநாதன் பதிவை ஓடவிட்டபடியே இருந்தார். ஒவ்வொரு முகத்திலும் அந்த இடம் வருவதை அவரால் பார்க்க முடிந்தது. முதலில் புருவம் சுருங்கும். பிறகு கண் விரியும். பிறகு பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவாள்.

அன்று மத்தியானம் பொற்கொடி ஆட்டத்தை மாற்றினார். உறுமல் வரும் இடத்தில் பாதத்தைத் தூக்காமல் பலகையின் மேல் நீளமாக இழுக்க வேண்டும். நாகநாதனுக்குப் பயமாக இருந்தது. பதினான்கு மாதம் பழகிய ஆட்டம், தேர்வு நாளைக் காலை, இப்போது மாற்றுவது சரிதானா என்று எழுதிக் கேட்டார்.

"தெரிந்த பிறகு தெரியாத மாதிரி ஆட முடியாது ஐயா" என்று பொற்கொடி எழுதினார்.

சனிக்கிழமை தேர்வுக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவர் சௌந்தரவல்லி, சென்னையிலிருந்து வந்த வீணை வித்வாம்சினி. மூவரும் மேடைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் செசிலி வந்து உட்கார்ந்ததை நாகநாதன் பார்த்தார். தானோ பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பதிவு தொடங்கியது. காதுக்கு அது நல்ல சத்தமாக இல்லை. தடித்து, கனத்து, தொம்மென்று வந்தது. குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்துக் காதைத் தேய்த்துக்கொண்டார். விளக்கம் சொல்லலாமா என்று நாகநாதனுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. குனிந்து தன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றார்.

பன்னிரண்டு பெண்களும் முதல் அடியிலேயே ஆட்டத்தில் இறங்கினார்கள். அடி அடியாக வந்து, சுற்றி, நிமிர்ந்து, உறுமல் வரும் இடத்தில் இருபத்து நான்கு பாதங்கள் ஒன்றாகப் பலகையை இழுத்தன. சர்ரென்று ஒரு சத்தம் கூடம் முழுக்கப் போனது. மறுபடி அடி. மறுபடி இழுப்பு. உருமிக்காரரின் வளைந்த குச்சி எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் பாதம் போனது, எங்கே நின்றதோ அங்கே நின்றது. இரண்டாவது சுற்றில் ஒருத்தி கால் இடறினாள். பாதம் பலகையைவிட்டு எழவில்லை. அடுத்த அடியிலேயே வரிசைக்குள் வந்துவிட்டாள்.

சௌந்தரவல்லி முன்னால் குனிந்து பெண்களின் காலைப் பார்த்தார். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். எழுபது வயதுக்காரர், மெல்ல நடந்து போய் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். ஆட்டம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் குழு தனியாகப் போய்ப் பேசியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சௌந்தரவல்லி நேராகப் பொற்கொடியிடம் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நோட்டைக் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் ஒரே சொல் எழுதினார்.

"டெல்லி."

பொற்கொடி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பன்னிரண்டு ஜோடிக் கைகள் காற்றில் எழுந்து விரலை உதறின. காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அது போதவில்லை அவர்களுக்கு. மேடையை மிதிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து, தாளம் இல்லாமல், மூச்சு வாங்க மிதித்தார்கள். மேடையின் காலடியில் நின்ற நாகநாதனுக்கு அது காதில் விழும் முன்பே காலில் ஏறியது. முழங்கால்வரை வந்தது. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

சுவரில் சாய்த்து வைத்திருந்த எஃகுத் தகடு சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் குருவும் சீடரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு நாகநாதன் ஒரு விஷயம் சொன்னார். கிளம்பும்போது சௌந்தரவல்லி அவரைக் கூப்பிட்டாராம். வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் சும்மா கிடக்கிறது, இதே மாதிரி அற்புதமாகச் செய்து கொடுங்கள் என்றாராம்.

செசிலி டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார்.

நாகநாதன் தொடர்ந்தார். அந்தப் பெட்டியில் யார் கேட்பார்கள் என்று நாகநாதன் அவரிடம் கேட்டாராம். தன் வீணையைத் தானே பதிவு செய்து கேட்பதற்கு என்று அந்த அம்மாள் சொன்னாராம். நாற்காலி எங்கே இருக்கும், அறைக்கு ஜன்னல் எத்தனை, பாயில் உட்கார்ந்து கேட்பீர்களா, நின்று கேட்பீர்களா என்றெல்லாம் நாகநாதன் கேட்டாராம். இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்கிறதா என்றும் கேட்டாராம். வலது காது கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்.

"அதனால இன்னும் பெட்டியத் திறக்கறதப் பத்தி யோசிக்கல, டீச்சர். முதல்ல அவங்க வாசிக்கும்போது ஒருநாள் பக்கத்துல போய் உக்காரணும்னு சொல்லியிருக்கேன். நான் சரியாத்தான் கேட்டேனா? ஏதாவது விட்டுட்டேனா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. செசிலி அவர் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசமா என்கிட்ட ஒரு பெட்டி கிடக்குது, சார். எனக்குப் பிடிபடவே இல்ல. திங்கக்கிழமை அத எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேன். என்கிட்டயும் இப்படிக் கேளுங்க."